பின்னால வாறவரையும் நினைச்சு வாங்குங்கோ

காரின் பின்பக்கத்தில் சைக்கிளைக் கொழுவிக்கொண்டு போவது இப்போது யாழ்ப்பாணத்திலும் காணக் கிடைக்கிற காட்சிதான். சனி, ஞாயிறில் காரைநகர் கசூரினாக் கடற்கரைப் பக்கம் போனால் ஒன்றிரண்டு கண்ணில் படும். நீண்ட விடுமுறை வந்தால் ஏ9 வீதியில் கண்டி, நுவரெலியா நோக்கிப் போற கார்களிலும் தெரியும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலத்தில் கனபேர் திரும்பவும் சைக்கிளுக்கு வந்தார்கள். வரிசை முடிந்த பிறகு பலர் அதைக் கொட்டிலுக்குள் சாத்திவிட்டார்கள். சிலருக்கு மட்டும் ஓடுற ருசி பிடித்துப்போனது. அந்தச் சிலருக்குள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "டிக்கியில கொழுவுற தாங்கி ஒண்டு வாங்கப் போறன், எது நல்லம்?"

வாற பதில்கள் மூன்று வகை. விலை எவ்வளவு, எத்தனை சைக்கிள் பிடிக்கும், கார் பெயின்ற் உரஞ்சுமா. மூன்றும் தேவையான விசயங்கள்தான். ஆனால் மூன்றும் காருக்குள் இருக்கிறவரின் கவலைகள். பட்டி அறுந்தால், கொழுக்கி கழன்றால், சைக்கிள் விழப்போவது காருக்குப் பின்னால். எங்கட வீதிகளில் அங்கே வருகிறவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வருகிறவர். அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இந்தத் தெரிவை அவருடைய இடத்தில் நின்று செய்யவேண்டும் என்பதுதான் என்ர கருத்து. அப்படி நின்று பார்த்தால், "எல்லாக் காருக்கும் எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்கிற தாங்கிகள் கனக்க எங்களுக்குப் பொருந்தாது என்பது விளங்கும். பொருந்துகிறதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கு.

பட்டிகள் என்ன செய்யுது?

நான் கலைப்பீடத்து ஆள். பொறியியல் கணக்குப் போட்டுக் காட்ட வராது. ஆனால் இந்தச் சாமானின் வேலையை விளங்கிக்கொள்ளக் கணக்குத் தேவையில்லை. மடங்கி விரியிற இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று. அதன் கீழ்ப்பகுதி பம்பரிலோ டிக்கிக் கதவின் அடியிலோ றப்பர் மெத்தையோடு ஊன்றி நிற்கும். மேல்பகுதியில் இருந்து இரண்டு கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் அந்தக் கைகளில்தான் தொங்கும். முழுச் சட்டத்தையும் காரோடு பிடித்து வைத்திருப்பவை பட்டிகளும், டிக்கி விளிம்பில் மாட்டுற கொழுக்கிகளும் மட்டுமே. ஆணி இல்லை, நட்டு இல்லை.

நல்ல தாங்கியில் ஆறு பட்டிகள் இருக்கும். மேல் இரண்டு பாரத்தைத் தாங்கும். பக்கத்து இரண்டு ஆட்டத்தை நிறுத்தும். கீழ் இரண்டும், கார் குழியில் விழுந்தெழும்பும்போது சட்டம் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும். மலிவான சிலதில் நாலு பட்டிதான். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவு ஒன்றில் வேகமாகத் திரும்பும்போது சைக்கிள் இரண்டும் ஊஞ்சல்போல ஒரு பக்கம் சாயும், அப்போதுதான் தெரியும்.

இன்னொரு விசயம். சைக்கிள் காரோடு ஒட்டி இருப்பதில்லை, ஓரடி ஒன்றரையடி வெளியே நிற்கும். அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பை அதேதான், தோள் நோகிறது வேற. டிக்கி மூடியின் விளிம்புக்கும் அதே நோவுதான். அந்த விளிம்பு பாரம் தூக்கச் செய்ததல்ல, மழைத் தண்ணி உள்ளே போகாமல் மூடச் செய்த மெல்லிய தகடு. அதனால்தான் இந்த வகைத் தாங்கிகளில் ஒரு சைக்கிளுக்கு இத்தனை கிலோ என்று எல்லை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 15 கிலோ அளவில் இருக்கும்.

எங்கட சைக்கிள் எத்தனை கிலோ?

இந்த இடத்தில்தான் முதற் சிக்கல். டிக்கித் தாங்கியை 1967இல் முதன்முதலில் வடிவமைத்தது தங்களுடைய ஸ்தாபகர்தான் என்று அமெரிக்காவின் அலன் நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லும். அது சரியோ பிழையோ, இந்தச் சாமான் யாருக்காகப் பிறந்தது என்பதில் சந்தேகம் இல்லை. வார விடுமுறைக்கு மெல்லிய கியர் சைக்கிளைக் காரில் கொழுவிக்கொண்டு காட்டுப்பக்கம் போகிறவர்களுக்காக. அந்தச் சைக்கிளில் மட்கார்ட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, கரியர் இல்லை, கூடை இல்லை, செயினை மூடுகிற பெட்டி இல்லை.

எங்கட லுமாலாவில் இது எல்லாமே இருக்கு. இருக்கத்தான் வேணும். அது கடைக்குப் போற, ரியூசனுக்குப் போற, அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஏத்திவாற வாகனம். இரும்புச் சட்டத்தோடு இவ்வளவும் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். 18 கிலோச் சைக்கிள் இரண்டைக் கொழுவினால் 36 கிலோ. 30 கிலோ எல்லை போட்ட தாங்கிக்கு அது 6 கிலோ கூட. இந்தக் கணக்கு கார் நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்தெழும்பும் கணத்தில் பட்டிகளில் வருகிற இழுவை இன்னும் பல மடங்கு.

ஆகவே தாங்கி பார்க்கப் போக முதல் சைக்கிளை நிறுங்கள். வீட்டில் ஆள் நிறை பார்க்கிற தராசு இருந்தால் போதும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு தனியே ஏறி நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். தராசு இல்லாவிட்டால் மூட்டை நிறுக்கிற கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். கூடையையும் பம்பையும் பூட்டுச் சங்கிலியையும் கழற்றினால் ஒன்றிரண்டு கிலோ குறையும். அப்படியும் எல்லையைத் தாண்டினால் ஒரு சைக்கிள்தான் கொழுவலாம், அல்லது அந்தத் தாங்கி உங்களுக்கு உரியதல்ல.

லேடீஸ் சைக்கிளை எங்கே கொழுவுறது?

இரண்டாவது சிக்கலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. தாங்கியின் கைகள் இரண்டும் சைக்கிளின் பாரைத்தான் பிடிக்கும். சீற்றில் இருந்து ஹாண்டில்வரை நேராகப் போகிற குழாய், சின்ன வயதில் நாங்கள் அப்பாவோடு ஏறி இருந்து போன அதே பார். லேடீஸ் சைக்கிளில் அது இல்லை. அதன் குழாய் கீழே சரிந்து வளைந்து போகும். அதில் கொழுவினால் சைக்கிள் ஒரு பக்கம் கவிழ்ந்து தொங்கும். ஒரு சில்லு மேலே கண்ணாடியில் முட்டும், மற்றது கீழே சைலன்சருக்குக் கிட்டப் போகும். சூடான புகை படுகிற இடத்தில் ரயர் நின்றால் நல்லதில்லை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காலையில் எட்டு மணிக்கு முதல் யாழ்ப்பாணத்து வீதி ஒன்றில் நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரீச்சர்மார், கடைகளில் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள். அவர்களுக்குக் கீழே ஓடுகிறது பெரும்பாலும் லேடீஸ் சைக்கிள். வயது போன ஆம்பிளைகள் கனபேரும் கால் தூக்கிப் போட ஏலாமல் அதைத்தான் ஓடுகிறார்கள். இப்படிப் பொதுவான ஒரு சைக்கிளைக் கொழுவத் தெரியாத தாங்கியை எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று எப்படி விற்கிறார்கள்?

இதன் விளைவு சின்னதாகத் தெரியும், ஆனால் சின்னதல்ல. குடும்பமாகக் கடற்கரைக்குப் போகிற நாளில் அண்ணாவின் கியர் சைக்கிள் காரில் ஏறும், தங்கச்சியின் சைக்கிள் வீட்டில் நிற்கும். "உன்ர சைக்கிள் இதில நிக்காதடி" என்று ஒரு வசனம், அதோட கதை முடிஞ்சுது. யாரும் வேண்டுமென்று செய்கிறதில்லை. சாமானை வாங்கும்போது யாருடைய சைக்கிளை மனதில் வைத்து வாங்கினோம் என்பதில் அந்த முடிவு முன்னமே எடுபட்டுவிடுகிறது.

வழி இருக்கு. சீற்றுக் குழாய்க்கும் ஹாண்டில் தண்டுக்கும் இடையில் பூட்டுகிற ஒரு தற்காலிகப் பார் தனியாக விற்பனைக்கு வரும். அதைப் பூட்டினால் லேடீஸ் சைக்கிளும் நேராகத் தொங்கும். அதற்கும் தனி நிறை எல்லை உண்டு, வாங்கும்போது பார்க்கவேண்டும். வீட்டில் லேடீஸ் சைக்கிள் இருந்தால், அந்தப் பாரின் விலையையும் சேர்த்துத்தான் தாங்கியின் விலையைக் கணக்குப் பண்ணவேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது வாங்குப்படாது.

சின்னக் கார், நீண்ட சைக்கிள்

மூன்றாவது, கார். இலங்கைக்குத் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே எங்கட ஆக்களிடம் இருப்பது கூடுதலாகப் பழைய கார்கள்: அல்ரோ, வகன் ஆர், விற்ஸ், அக்வா. டிக்கி மூடியின் விளிம்பில் கறள் பிடித்திருக்கலாம், எங்கோ இடிபட்டுத் தட்டி நிமிர்த்திப் பெயின்ற் அடித்திருக்கலாம். கொழுக்கியை மாட்ட முதல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தகடு பொருமியிருந்தால் அந்தக் காரில் தாங்கி பூட்டவே கூடாது.

மேல் விளிம்பில் பிளாஸ்ரிக் ஸ்பொய்லர் இருந்தால் கொழுக்கி அதன்மேல் உட்காரக்கூடாது, பாரம் வந்தால் வெடிக்கும். கண்ணாடி விளிம்பில் மாட்டுவது அதைவிட மோசம். தூலே, யகிமா, சாரிஸ் போன்ற நிறுவனங்கள் எந்தக் காரின் எந்த வருட மொடலுக்கு எந்தத் தாங்கி பொருந்தும் என்று பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கட கார் அதில் இருந்தால் அந்தப் பட்டியலைத்தான் நம்பவேண்டும், கடைக்காரரை அல்ல. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த சின்னக் கார்கள் பல அதில் இல்லாமல் போகும். கனடாவில் இருந்து மாமா தன்ர பழைய தாங்கியை அனுப்பியிருக்கலாம். அங்கே அது பெரிய கமரியின் பின்னால் நின்ற தாங்கி. இங்கே அது ஏறப்போவது வகன் ஆரில்.

இப்போது அளவைப் பாருங்கள். வகன் ஆர் போன்ற ஜப்பானியச் சின்னக் கார்களுக்குச் சட்டப்படி கூடிய அகலம் 1.48 மீற்றர். இந்திய அல்ரோவும் ஏறத்தாழ அதே அகலம்தான். பெரிய ஆள் ஓடுகிற சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.8 மீற்றர். குறுக்காகக் கொழுவினால் மிச்சம் 32 சென்ரிமீற்றர், பக்கத்துக்கு 16 சென்ரிமீற்றர் வெளியே நீட்டும். முக்கால் சாண் அளவு. பெரிய கார் ஓடுற நாட்டில் இந்தப் பிரச்சினை குறைவு. எங்களுக்கு இது வீதியில் இருக்கிற பிரச்சினை.

அந்த முக்கால் சாண் எந்த உயரத்தில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் ஹாண்டில், முழங்கை இருக்கிற உயரத்தில். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் காரை முந்துகிறவர்களும் எதிரே வருகிறவர்களும் காரின் உடம்பை அளவாக வைத்துத்தான் இடம் விடுகிறார்கள். கறுப்பு ரயர் ஒன்று அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மைமல் பொழுதில் தெரியாது.

முன்சில்லைக் கழற்றி டிக்கிக்குள் போட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். எங்கட சைக்கிள்களில் நட்டுப் போட்ட சில்லு, ஒரு ஸ்பனர் போதும், அஞ்சு நிமிச வேலை. கழற்ற ஏலாவிட்டால் இரண்டு அந்தத்திலும் சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்ட முதல் போய்ச் சேருகிற மாதிரி வெளிக்கிடுங்கள். சைக்கிள் இலக்கத்தகட்டையோ பிரேக் லைற்றையோ சிக்னல் லைற்றையோ மறைக்கிறதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இலக்கத்தகடு மறைந்தால் பொலிஸ் மறிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். பிரேக் லைற் மறைந்தால் பின்னால் வருகிற ஸ்கூட்டிக்கு நீங்கள் நிற்பாட்டுவதே தெரியாது. இரண்டாவதுக்குத்தான் நாங்கள் கூடப் பயப்படவேணும்.

"நாங்கள் கட்டாத கட்டா?"

இதையெல்லாம் சொன்னால் எங்கட வீடுகளில் வருகிற பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் சைக்கிளில கட்டாத கட்டா?" அந்தப் பெருமையில் நியாயம் இருக்கு. எங்கட வயதுக்காரர் பிறக்க முதல், தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியைக் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை, விறகும் மண்ணெண்ணெயும் கட்டிவந்த கதை எங்கட அம்மா அப்பாவிடம் இருக்கு. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, வீட்டில் எடுக்கக்கூடியதெல்லாம் சைக்கிளில்தான் ஏறியது. ரியூப் வாரால் எதை எப்படி வரிந்து கட்டினால் அசையாது என்பது அந்தத் தலைமுறையின் படிப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கட்டு நடக்கிற வேகத்துக்குக் கட்டின கட்டு. உருட்டிக்கொண்டு போனார்கள், மிஞ்சினால் மணிக்குப் பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர். தளர்ந்தால் கைக்குத் தெரியும், நின்று இறுக்கலாம். ஏ9இல் 70இல் போகிற காரில் ஓட்டுகிறவருக்குப் பின்பட்டி தளர்ந்தது தெரியாது. பாட்டுப் போட்டிருந்தால் சத்தமும் கேட்காது. ரியூப் வார் இழுபடுகிற சாமான், அதன் நல்ல குணமே அதுதான். வேகத்தில், காற்றில், குலுக்கத்தில் அதே குணம் கெட்ட குணமாகிவிடும். தாங்கியின் பட்டிக்கு மேலதிகமாக வேணுமென்றால் வார் கட்டுங்கள். பட்டிக்குப் பதிலாகக் கட்டாதேங்கோ.

அந்தத் தலைமுறையிடம் நாங்கள் எடுக்கவேண்டியது வேறொன்று. கட்டினதை அடிக்கடி நின்று தொட்டுப் பார்க்கிற பழக்கம். புதுசாகப் பூட்டின பட்டி முதல் சில கிலோமீற்றரில் எப்படியும் கொஞ்சம் தளரும். ரவுனில் இருந்து வெளிக்கிட்டால் நாவற்குழிப் பாலத்தடியில் ஒருக்கா நிற்பாட்டி இறுக்குங்கள். பிறகு ஆனையிறவு. முறிகண்டியில் எப்படியும் எல்லாரும் இறங்குவோம். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் ஆறு பட்டியையும் ஒருக்கா இழுத்துப் பார்க்கலாம். பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் வழியாகத் தீவுப்பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனம். சோளகம் வீசுகிற மாதங்களில் அங்கே பக்கக் காற்று காரையே தள்ளும். பின்னால் கொழுவின சைக்கிள் அந்தக் காற்றுக்குப் பாய் மாதிரி.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

கடையில் நிற்கும்போது முதலில் தேடவேண்டியது நிறை எல்லை எழுதின லேபல். அது இல்லாத தாங்கியை விலை பாராமல் விட்டுவிடுங்கள். தன்னால் எவ்வளவு தாங்க ஏலும் என்று சொல்லாத சாமானை நம்பி இன்னொருத்தருக்கு முன்னால் பாரம் தொங்கவிட முடியாது. அடுத்தது ஆறு பட்டி. பிறகு பட்டியின் பக்கிள்: பல்லு உள்ள உலோகமாக இருக்கவேணும், பட்டியை இழுத்துப் பூட்டினபிறகு கையால் உதறினால் வழுக்கக்கூடாது. கொழுக்கிக்கு றப்பர் உறை இருக்கவேணும். சைக்கிளைப் பிடிக்கிற தொட்டில், பாரை மட்டும் பிடிக்காமல் கீழே இன்னொரு குழாயையும் பிடிக்குமென்றால் நல்லது. சைக்கிள்கள் ஒன்றோடொன்று அடிபடாது.

பாவித்த தாங்கி வாங்கினால் இரும்பைவிடப் பட்டியைத்தான் கூடப் பாருங்கள். எங்கட வெயில் பட்டியைத் தின்னும். நிறம் மங்கி, விரலுக்குச் சொரசொரப்பாக, விறைத்துப்போன பட்டி பலம் போன பட்டி. கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்களின் பக்கிளை உப்புக்காற்றும் தின்னும். பட்டி மாற்றக் கிடைக்காத தாங்கி எவ்வளவு மலிவாக வந்தாலும் இலாபம் இல்லை.

பூட்டும்போது டிக்கி மூடியைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள், மண் இருந்தால் பெயின்ற் போகும். பாரமான சைக்கிள் காருக்குக் கிட்ட, மெல்லியது வெளியே. ஒன்றின் ஹாண்டில் இடப்பக்கம் என்றால் மற்றதின் ஹாண்டில் வலப்பக்கம். பெடல் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பிவிடுங்கள். தொங்குகிற பட்டி நுனிகளை முடிந்துவிடுங்கள், சில்லுக்குள் போகக்கூடாது. கடைசியில் தாங்கியைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். கார் ஆடவேணும், தாங்கி தனியே ஆடக்கூடாது. தாங்கி ஆடினால் வெளிக்கிட வேண்டாம்.

தாங்கி இல்லாமலும் போகலாம்

சிலர் கேட்பார்கள், இவ்வளவு தொல்லை என்றால் வேறு வகைத் தாங்கி வாங்கலாமே என்று. இழுவைக் கொக்கியில் பூட்டுகிற தாங்கி உறுதியானது, ஆனால் எங்கட சின்னக் கார்களில் அந்தக் கொக்கி இருப்பது அருமை. கூரைத் தாங்கியில் பின்னால் வருகிறவருக்கு ஆபத்துக் குறைவு, நீட்டலும் இல்லை. ஆனால் 18 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கவேணும், கூரைக்கும் தனி நிறை எல்லை உண்டு. ஒரு சைக்கிள் மட்டும் என்றால் பின்சீற்றை மடக்கி, சில்லைக் கழற்றி உள்ளே வைப்பதுதான் மிகப் பாதுகாப்பு. செலவும் இல்லை, பழைய பெட்சீற் ஒன்று போதும்.

நாலு பேருக்கு மேல் சேர்ந்து போவதென்றால் என்னுடைய வோட்டு பட்டாவுக்கு. ஒரு பட்டா வாகனம் பிடித்து, சைக்கிள்களைப் பின்னால் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினால், நாலு காரில் நாலு தாங்கி தொங்குவதைவிட எவ்வளவோ மேல். வாடகையைப் பங்கு போட்டால் தாங்கியின் விலைக்குக் கிட்டவும் வராது. லேடீஸ் சைக்கிளும் ஏறும், பாரச் சைக்கிளும் ஏறும், ஒருத்தருடைய சைக்கிளும் வீட்டில் நிற்கத் தேவையில்லை. சைக்கிள் ஓட்டம் ஒழுங்குபடுத்துகிற இளைஞர் கழகங்கள், பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் இதை யோசிக்கலாம். அல்லது குழுவாகச் சேர்ந்து நல்ல தாங்கி ஒன்றும், தற்காலிகப் பார் இரண்டும் வாங்கி, மாறி மாறிப் பாவிக்கலாம். ஆளுக்கொரு மலிவுத் தாங்கி வாங்குவதைவிட அது புத்தி.

காரில் சைக்கிள் கொண்டுபோவது வசதியானவர்களின் விளையாட்டு, இதுக்கேன் ஒரு கட்டுரை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அது ஒரு பகுதி உண்மை. ஆனால் விழுகிற சைக்கிள் வசதி பார்த்து விழுவதில்லை. காரும் தாங்கியும் வைத்திருக்கிறவருடைய பொழுதுபோக்கின் ஆபத்தை, இரண்டும் இல்லாமல் பின்னால் வேலைக்குப் போகிறவர் சுமக்கிறார். அந்தக் கணக்கு நேராகவேண்டும் என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன்.

விற்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். நிறை எல்லையையும், எந்த விளிம்பில் கொழுக்கி மாட்டக்கூடாது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டில் அச்சடித்துப் பெட்டிக்குள் போடுங்கள். பெரிய செலவில்லை. வாங்குகிறவர்கள் நாங்கள் கேட்கத் தொடங்கினால் போடுவார்கள்.

இனி யாராவது "எந்தத் தாங்கி நல்லம்?" என்று கேட்டால், உடனே ஒரு பெயரைச் சொல்லாதேங்கோ. சைக்கிள் எத்தனை கிலோ, பார் இருக்கா, என்ன கார், டிக்கி விளிம்பு எப்படி என்று நாலைக் கேளுங்கோ. பிறகு அஞ்சாவதாக இதையும் கேளுங்கோ: அந்தக் காருக்குப் பின்னால உங்கட அம்மா ஸ்கூட்டியில வந்தால், அந்தத் தாங்கியை நம்பி அவவைக் கிட்ட வர விடுவீங்களா?